பொட்டியில டிஸ்க்கே இல்லையாம்!

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சதுலேர்ந்து, இங்க பாலாநகர்ல எனக்குத் தெரிஞ்ச தமிழ் வீடுகள்ல பழைய பொட்டிக்கு லினக்ஸ் போடுற படலம்தான். நல்ல விஷயம். ஆனா இன்ஸ்டாலர் "ஹார்ட் டிஸ்க் இல்லை"ன்னு கைவிரிச்சதுமே கடைக்கு ஓடுறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கலை. "டிஸ்க் போயிடுச்சு, புதுசு போட்டுக்குங்க"ன்னு சொல்லிடுவாங்க. ஊர்ல எடுத்த தாத்தா பாட்டி போட்டோ எல்லாம் அந்தப் பழசுலதானே சார் இருக்கு?

நேத்து வரைக்கும் அதே டிஸ்க்ல விண்டோஸ் ஓடுச்சு. லினக்ஸ் போடுற அன்னிக்குப் பாத்துத்தான் சாகணுமா? பயாஸ்ல சாட்டா மோடு என்னன்னு பாருங்க. 'ரெய்டு' இல்லைன்னா 'இன்டெல் ஆர்எஸ்டி'ன்னு இருந்தா, லினக்ஸுக்கு டிஸ்க் தெரியாமப் போக வாய்ப்பு ஜாஸ்தி. 'ஏஹெச்சிஐ'ன்னு மாத்தினா பெரும்பாலும் தெரிஞ்சுடும். ஆனா அப்புறம் விண்டோஸ் கிளம்பாம மக்கர் பண்ணலாம். அதனால மாத்துறதுக்கு முன்னாடியே போட்டோவை எல்லாம் வெளி டிஸ்க்ல காப்பி பண்ணிடுங்க மக்களே.

பயாஸ்லயே டிஸ்க் பேரு வரலையா? கரண்ட்டைப் புடுங்கிட்டு, சாட்டா கேபிளைக் கழட்டி மாட்டுங்க. இன்னும் பழைய ஐடிஇ டிஸ்க்னா ஜம்பர் மாஸ்டர்ல இருக்கா ஸ்லேவ்ல இருக்கான்னு ஒரு பார்வை (இந்தக் காலத்துப் பசங்க ஜம்பரை எங்க பாத்திருக்கப் போறாங்க :-)). அதுக்கும் மசியலைன்னாதான் கடை.

காப்பி எடுத்த போட்டோ வேற பொட்டியில திறக்குதான்னு பாக்காம, "டிஸ்க்கை அழித்து நிறுவு"ங்கிற பட்டனை மட்டும் அமுக்கிடாதீங்க.