பெயர்ப் பலகை தயார், நாடக நிரல் எங்கே?

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அருகில், புல்லுக்குளத்தின் கரையில் எழுந்துள்ள கலாசார மையத்துக்கு 2025 ஜனவரி 18ஆம் திகதி ‘திருவள்ளுவர்’ பெயர் சூட்டப்பட்டது. புதிய பெயரில் யாழ்ப்பாணம் காணாமற் போயிருந்தது. கண்டனம் எழுந்தது. ஒரு கிழமைக்குள் ‘யாழ்ப்பாணம்’ மீண்டும் முன்னால் வந்து சேர்ந்தது. அத்தோடு விடயம் தீர்ந்ததாகப் பெயர் வைத்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள். வள்ளுவர் மீது எவருக்கும் குறையில்லை. அந்தக் கட்டடத்தினுள் சுமார் 600 பேர் அமரக்கூடிய அரங்கொன்று இருக்கிறது என்பதும், ஓர் அரங்குக்குப் பெயரைவிட முதலில் வேண்டியது வரும் பருவத்தின் நாடக நிரல் என்பதும் எவர் வாயிலும் வரவில்லை என்பதே குறை. சூட்டியபோதும் சரி, திருத்தியபோதும் சரி, இந்த ஆண்டு இந்த மேடையில் இன்னின்ன ஆற்றுகைகள் என்று ஒரு வரி சொல்லப்படவில்லை.

பருவ நிரல் என்பது அலங்காரத்துக்கு அச்சிடும் கைநூல் அன்று. குடாநாட்டின் நாடகக் குழுக்களில் சம்பளத்துக்கு நடிப்பவர் எவருமில்லை என்றே சொல்லலாம். ஆசிரியர், எழுதுவினைஞர், கடற்றொழிலாளி, பல்கலைக்கழக மாணவர் எனப் பகல் முழுதும் வேறு வேலையில் இருப்பவர்கள் பின்னேரம் கூடி ஒத்திகை பார்க்கிறார்கள். ஒன்றரை மணி நேர நாடகமொன்று தேறுவதற்கு மாதங்கள் செல்லும். மேடையேற்றும் திகதி கையில் இருந்தால்தான் ஒத்திகைக்கு ஆள் வரும். ஒளியமைப்புக்காரருக்கு முற்பணம் கொடுக்கலாம். மிருதங்கக்காரர் அந்த நாளை வேறு இடத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் இருப்பார். திகதி இல்லையென்றால் மூன்றாம் கிழமையில் இருவர் கழன்றுவிடுவார்கள், ஐந்தாம் கிழமையில் நெறியாளரே சோர்ந்துவிடுவார். நாடகத்துக்கென்று முன்கூட்டி நாள் ஒதுக்காத எந்த மண்டபத்திலும் பரிசளிப்பு விழாவும் நடன அரங்கேற்றமும் நூல் வெளியீடும் முந்திக்கொண்டு நாளைப் பிடிக்கும். அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. அவை ஒரே நாளில் முடிவாகக் கூடியவை; நாடகம் அப்படியன்று. நிரலை முதலில் வகுக்காத நிருவாகம், வாய் திறந்து சொல்லாமலே நாடகத்தை வெளியே நிறுத்துகிறது.

இங்கே பருவத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. குடாநாட்டுக்கு அது ஏற்கெனவே உண்டு. தவக்காலத்தில் திருப்பாடுகளின் காட்சி. 1965இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் அதைப் பெரும் மேடை நிகழ்வாகவே வளர்த்தெடுத்தது. பாசையூர், குருநகர், நாவாந்துறைப் பக்கம் தென்மோடிக் கூத்து. அம்மன் கோயில் வீதிகளில் விடிய விடியக் காத்தவராயன். வட்டுக்கோட்டையில் வடமோடி. காங்கேசன்துறை வசந்த கான சபா வழியே நடிகமணி வி. வி. வைரமுத்து ஊரூராகக் கொண்டுபோன இசை நாடகம். அரிச்சந்திர மயான காண்டம் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் மறுபடியும் பாய் எடுத்துக்கொண்டு போனவர்களின் ஊர் இது. பல்கலைக்கழகத்திலும் உயர்தர வகுப்பிலும் நாடகமும் அரங்கியலும் பாடமாகவே இருக்கிறது. அந்த மாணவர்கள் புத்தகத்தில் படிக்கும் ஆற்றுகைகளை எங்கே பார்ப்பது என்று கேட்டால் பதிலில்லை. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய பண்டம் ஊரில் கிடக்க, அதை நாட்காட்டியில் ஏற்றும் ஒரு சின்ன வேலைதான் நடக்கவில்லை.

பெயர் சூட்டு விழா நடந்த அதே ஜனவரியில்தான் குழந்தை ம. சண்முகலிங்கம் மறைந்தார். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கி, இந்த மண்ணில் நாடகப் பயிற்சிக்கு ஒழுங்கு கொடுத்தவர். சிறுவர்களுக்குக் ‘கூடி விளையாடு பாப்பா’ எழுதினார். 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறிய அவருடைய ‘மண் சுமந்த மேனியர்’ போர்க்கால யாழ்ப்பாணத்தைத் தன்னையே பார்க்க வைத்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் பெரிய வீட்டில் தனியே என்ற நிலையை ‘எந்தையும் தாயும்’ மேடைக்குக் கொண்டுவந்தது. அந்த நிலை இன்று தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கிறது. கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்க வேண்டும் என்பதல்ல வாதம். அவருடைய நாடகங்களில் மூன்றை அடுத்த மூன்று மாதங்களில் இந்த அரங்கில் ஆடுவோம் என்று ஒரு அறிவிப்பு வந்திருந்தால், பெயர்த் தகராறே பாதியில் அடங்கியிருக்கும். அதற்குத் தோன்றாத யோசனை, பலகையில் எந்தச் சொல் முதலில் என்பதற்கு மட்டும் ஒரு கிழமைக்குள் தோன்றியது.

இது முதல் தடவையும் அல்ல. இந்திய நிதியுதவியில் ஏறத்தாழ 11 மில்லியன் டொலர் செலவில் எழுந்த இந்தக் கட்டடத்துக்கு 2015 மார்ச் 14இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடித்து, 2022 மார்ச்சில் காணொளி வழியாக ஒரு திறப்பு. 2023 பெப்ரவரி 11இல் நேரில் கையளிப்பு என்று இன்னொரு விழா. ஒரே கதவுக்கு இரண்டு விழா எடுத்த பின்னும் இதைப் பராமரிக்கும் செலவை யார் சுமப்பது, மாநகர சபையால் தாங்குமா என்ற பேச்சு ஓயவில்லை. அடிக்கல் நாட்டும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கூப்பிடு தூரத்தில் மாநகர மண்டபம் இருந்த காணியைப் பார்த்தாலும் பழக்கம் புரியும்: போரில் அழிந்த மண்டபம் பல பத்தாண்டுகள் வெறும் நிலமாகவே கிடந்தது, வாக்குறுதிகள் மட்டும் தவணை தவறாமல் வந்துபோயின. முடிவெடுக்கும் நாற்காலிகளில் ஆட்கள் மாறியிருக்கலாம். நாடாவெட்டுக்கு வருகிறவர்கள் மறுநாள் காலை மண்டபத்தைத் திறப்பது யார் என்று கேட்காமல் போகும் வழக்கம் மாறவில்லை.

பணமில்லை, குழுக்கள் இல்லை என்பது இனி வரப்போகும் பதில். கர்நாடகத்தின் ஹெக்கோடு ஒரு சிற்றூர். அங்கே கே. வி. சுப்பண்ணா 1949இல் ஊர்க்காரர்களோடு தொடக்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு, சிவராம காரந்தரின் பெயரில் அரங்கு அமைத்தது. 1985 முதல் ‘திருகாட்ட’ என்ற தன் சுற்றுப்பயண நாடகக் குழுவை ஆண்டுதோறும் புதிய நாடகங்களுடன் மாநிலமெங்கும் அனுப்பியது. எந்த நாடகம், எந்த ஊர், எந்த நாள் என்பது அங்கே முன்னரே முடிவாகும். பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிராமத்துக்கு முடிந்தது, பல்கலைக்கழகமும் நாடகத் துறையும் புலம்பெயர்ந்தோர் உதவியும் உள்ள நகரத்துக்கு முடியாது என்றால், முடியாமை வேறெங்கோ இருக்கிறது. கூத்துக்கு வட்டக்களரி வேண்டும், ஒருபக்க மேடை ஒத்துவராது என்று சாக்குச் சொல்வோரும் உண்டு. கட்டடத்தோடு ஒரு பொதுச் சதுக்கமும் சேர்த்தே அமைக்கப்பட்டது. சுற்றிவர மக்கள் இருந்து பார்க்க அங்கே களரி போடுவதற்கு எவருடைய நிதியுதவியும் தேவைப்படாது.

எனவே உரியவர்கள் காலம் தாழ்த்தாமல் ஆவன செய்ய வேண்டும். நாடகக்காரரையும் அண்ணாவிமாரையும் அழைத்துப் பேச வேண்டும். ஆண்டில் கணிசமான நாட்களை ஆற்றுகைக்கென ஒதுக்க வேண்டும். வாடகை அவர்களுக்குத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு வாடகை என்பதைப் பேசித் தீர்க்கலாம். அடுத்த தவக்காலத்துக்கு முன்னராவது ஒரு நிரல் வெளிவர வேண்டும். அதைத் தயாரிக்கும் பொறுப்பு மாநகர சபையுடையதா, அமைச்சுடையதா, வேறு எவருடையதா என்பதை முதலில் எழுத்தில் வைக்கட்டும்.