மலிவு விலைப் பயணமும் மலிவாகக் கூடாதவையும்



பள்ளி விடுமுறை முடிந்து ஆசிரியர் அறையில் கூடும்போது பயணக் கதைகள் தாமாகவே தொடங்கிவிடும். ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பியவர்கள் அங்குள்ள தேவாலயங்களையும் அருங்காட்சியகங்களையும் வியந்து பாராட்டுவார்கள். இறுதியில் ஒரு குறையையும் சொல்வார்கள். "ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறந்தோம். குடிக்க ஒரு குவளைத் தண்ணீர்கூடத் தரவில்லை!" கேட்பவர்களும் ஆமென்று தலையசைப்பார்கள்.

இந்தக் குறையில் பாதி நியாயம் உண்டு, பாதி இல்லை என்பது என் கருத்து. எந்தப் பாதி எது என்று பிரித்தறியும் ஆற்றல் நம் மாணவர்களுக்கும் வேண்டும் என்பதால்தான் இதனை இங்கு எழுத முனைகின்றேன்.

மலிவு எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் எந்த விமானம் எந்தத் தடத்தில் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் அரசாங்கங்களே முடிவு செய்தன. 1992-ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சமூகம் இயற்றிய விதிகள் 1993 முதல் அந்தக் கட்டுகளைத் தளர்த்தின. 1997 ஏப்ரல் மாதத்திலிருந்து, ஓர் உறுப்பு நாட்டின் விமான நிறுவனம் இன்னோர் உறுப்பு நாட்டின் உள்நாட்டுத் தடத்திலும் பறக்க முடிந்தது. போட்டி பெருகியது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தைப் பார்த்து அயர்லாந்தின் ரயன்ஏர் தன் வழியை மாற்றிக்கொண்டது. 1995-இல் ஈசிஜெட் பறக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு டோனி பெர்னாண்டசும் அவருடைய கூட்டாளிகளும் கடனில் மூழ்கியிருந்த ஏர்ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி நடத்திக் காட்டியதும் ஏறத்தாழ இதே வழிதான்.

இம்முறையின் கணக்கு எளிமையானது. விமானம் தரையில் நிற்கும் நேரத்தில் வருமானம் இல்லை. ஆகவே தரையிறங்கிய விமானம் அரைமணி நேரத்திற்குள் மீண்டும் புறப்பட ஆயத்தமாக வேண்டும். உணவை இலவசமாக வழங்கினால் அதை ஏற்ற வேண்டும், பரிமாற வேண்டும், குப்பையை அள்ள வேண்டும். அத்தனைக்கும் நேரமும் பணமும் செலவாகும். சில விமானங்களின் இருக்கைகளில் முதுகுப்புறப் பைகூட இருப்பதில்லை. பை இல்லையென்றால் அதில் குப்பை சேராது, துப்புரவும் விரைவாக முடிந்துவிடும்!

பழைமையான நிறுவனங்களும் இப்போட்டிக்குப் பணிந்தன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2017 ஜனவரியில் குறுந்தொலைவுச் சிக்கன வகுப்பில் இலவச உணவை நிறுத்திவிட்டு, விற்பனை முறைக்கு மாறியது. பயணிகள் முகம் சுளித்தனர். 2021-இல் சிறிய நீர்ப்புட்டி ஒன்றும் சிறிய தின்பண்டம் ஒன்றும் மீண்டும் விலையின்றி வழங்கப்பட்டன. பயணிகள் எதை இழக்க விரும்பவில்லை என்பதை இம்மாற்றமே சொல்கிறது.

சீட்டின் விலையும் பயணத்தின் விலையும்

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையில், ரோமிலிருந்து பார்சிலோனாவுக்கு அத்தகைய மலிவு விலை விமானம் ஒன்றில் பயணம் செய்தேன். ஏறக்குறைய 850 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்திற்கும் குறைவான பயணம். சீட்டின் விலை 25 யூரோ என்றிருந்தது. மேலடுக்கில் வைக்கும் பெட்டிக்கு 28 யூரோ, விரும்பிய இருக்கைக்கு 9 யூரோ. மொத்தம் 62 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 315 ரிங்கிட். முதலில் கண்ணில் பட்ட விலையைப் போல இரண்டரை மடங்கு.

இதை ஏமாற்று வேலை என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு தொகையும் பணம் செலுத்தும் முன்னரே திரையில் தெரிந்தது. தவிர்க்க முடியாத எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த இறுதி விலையைக் காட்ட வேண்டும், விருப்பச் சேவைகளைப் பயணியே தேர்ந்தெடுக்க வேண்டும், முன்கூட்டியே குறியிட்டு வைக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2008-இலேயே சட்டம் இயற்றியது. எழுத்து அங்கே இருந்தது. அதனைப் படிப்பவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

ஆனால், எதையெல்லாம் தனியாக விற்கலாம் என்பதில் அங்கேயே வழக்குகள் உண்டு. ஒப்படைக்கும் பெட்டிக்குக் கட்டணம் வாங்கலாம். கையில் எடுத்துச் செல்லும் பையோ பயணத்தின் இன்றியமையாத பகுதி, அளவும் எடையும் நியாயமாக இருந்தால் அதற்குக் கூடுதல் விலை கூடாது என்று 2014-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு கைப்பைக் கட்டணம் முதலிய காரணங்களுக்காக ஐந்து விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதனை எதிர்த்தன. ஆக, "மலிவு என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்பது அங்குள்ளவர்களே ஏற்றுக்கொண்ட கொள்கை அன்று.

பணிப்பெண்ணைக் குறை சொல்வதற்கு முன்

அந்தப் பயணத்தில் அரை லிட்டர் தண்ணீரின் விலை 3 யூரோ, ஏறக்குறைய 15 ரிங்கிட். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒருவர் விலையைக் கேட்டுவிட்டுப் பணிப்பெண்ணைக் கடிந்துகொண்டார். அந்தப் பெண்ணோ விலையை நிர்ணயித்தவர் அல்லர். "மன்னிக்கவும்" என்று புன்னகையோடு கூறிவிட்டு அடுத்த வரிசைக்குச் சென்றார்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய விதிப்படி 50 இருக்கைகளுக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கில் 180 இருக்கை கொண்ட விமானத்தில் குறைந்தது நால்வர் இருக்க வேண்டும். ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்துவிட்டால், பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் கிடைக்கலாம். இருவர் இருவராக இரண்டு தள்ளுவண்டிகளோடு வந்தால், ஒரு வண்டிக்கு 90 பயணிகள். 3600 வினாடியை 90-ஆல் வகுத்தால் ஒரு பயணிக்கு 40 வினாடி. அதற்குள் கேட்க வேண்டும், சூடாக்க வேண்டும், அட்டையில் பணம் பெற வேண்டும், அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும்! ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைவிட நல்ல வகுத்தல் கணக்கு கிடைக்குமா?

மேலும், அவர்கள் விமானத்தில் இருப்பதன் முதற்காரணம் உணவு விற்பதன்று. ஆபத்து நேர்ந்தால் நம்மை வெளியேற்றுவதற்காகவே அவர்கள் இருக்கிறார்கள். ஒரு பயணிகள் விமானம் சான்றிதழ் பெற வேண்டுமானால், வெளியேறும் வழிகளில் பாதி மட்டுமே திறந்திருக்கும் நிலையிலும் 90 வினாடிக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று மெய்ப்பிக்க வேண்டும். அந்த 90 வினாடிக்காகப் பயிற்சி பெற்றவர்களை நாம் காப்பிக்கடைப் பணியாளர்களாக மட்டுமே பார்க்கின்றோம். பாதுகாப்பு விளக்கத்தின்போது கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் தந்தையின் பக்கத்தில்தான் மகனும் அமர்ந்திருக்கிறான் என்பதைப் பெற்றோர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

விற்கக் கூடாதவை

அப்படியானால் எதையும் குறை சொல்லக் கூடாதா? சொல்ல வேண்டும். சரியானதைச் சரியானவரிடம் சொல்ல வேண்டும்.

அதே விமானத்தில் ஒரு தாய்க்கு ஒன்பதாம் வரிசையிலும், ஏழு வயது மதிக்கத்தக்க அவருடைய மகளுக்கு இருபத்திரண்டாம் வரிசையிலும் இடம் தரப்பட்டிருந்தது. இருக்கைக்கெனத் தனியாகப் பணம் கட்டாதவர்களைக் கணினி பிரித்துப் போட்டிருந்தது. சிறுமி அழவில்லை, தாயின் சட்டை நுனியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பணியாளர் ஒருவர் ஒன்பதாம் வரிசையில் அமர்ந்திருந்த முதியவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவர் தம் கண்ணாடியையும் நாளிதழையும் எடுத்துக்கொண்டு மறுசொல் கூறாமல் பின்னால் சென்று அமர்ந்தார்.

நிகழ்வு நல்லபடியாக முடிந்தது. எனினும் நிறுவனம் உருவாக்கிய சிக்கலைத் தீர்த்தது ஒரு பணியாளரின் சமயோசிதமும் ஒரு முதியவரின் பெருந்தன்மையும்தான். அவர் மறுத்திருந்தால்? நெருக்கடி ஏற்பட்டிருந்தால், அந்தத் தாய் வெளியேறும் வழியை நோக்கி ஓடியிருப்பாரா, மகளைத் தேடிப் பதின்மூன்று வரிசை பின்னோக்கி ஓடியிருப்பாரா? தாயும் பிள்ளையும் சேர்ந்து அமர்வது விருப்பச் சேவையன்று, பாதுகாப்பு. அதனை விற்பனைப் பட்டியலில் சேர்ப்பது தவறு. மருந்து விழுங்க வேண்டியவருக்கு ஒரு குவளை நீர், நடக்க இயலாதவருக்கு ஒரு கைத்தாங்கல், கேள்வி கேட்பவருக்கு ஒரு மரியாதையான பதில் ஆகியவையும் அவ்வாறே. சூடான ரொட்டியை விற்கட்டும். வாசனைத் திரவியத்தை விற்கட்டும். எனக்கு மறுப்பில்லை.

எழுத்தறிவு என்பது இதுதான்

விமானம் ஏறுவதற்கு முன்னர் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் விமானம் 2 மணி 20 நிமிடம் தாமதமானது. வாயிலில் ஏறக்குறைய 150 பேர். சிலர் கத்தினர். பலர் தரையில் அமர்ந்துவிட்டனர். பணியாளரும் எதுவும் அறிவிக்கவில்லை. பல்கலைக்கழக மாணவி போல் தோன்றிய ஓர் இளம்பெண் முகப்புக்குச் சென்றார். குரலை உயர்த்தவில்லை. சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டி, "இரண்டு மணி நேரத் தாமதமானால் பயணிகளின் உரிமைகள் அடங்கிய தாளைக் கேட்டுப் பெறலாம் என்று இதில் எழுதியிருக்கிறது. எனக்கு அந்தத் தாள் வேண்டும்" என்றார். பணியாளர் தொலைபேசியை எடுத்தார். பத்து நிமிடத்தில் அனைவருக்கும் சிற்றுண்டிச் சீட்டு வந்தது.

அந்த அறிவிப்பு சட்டப்படி வைக்கப்பட வேண்டிய ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் இயற்றி, 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறைப்படுத்திய விதி அது. நாங்கள் பயணம் செய்தபோது இருந்த அவ்விதிப்படி, 1500 கிலோமீட்டர் வரையிலான பயணத்தில் இரண்டு மணி நேரத் தாமதத்திற்கு உணவும் பானமும் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சென்றடைந்தால், அத்தொலைவுக்கு 250 யூரோ இழப்பீடும் உண்டு. இழப்பீட்டுக்கு எங்கள் தாமதம் போதவில்லை; சிற்றுண்டிக்குப் போதுமானதாக இருந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய பாதுகாப்பு இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டில் மலேசியாவில் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு வந்தது. இரண்டு மணி நேரத் தாமதத்திற்கு உணவு தர வேண்டும். 2024 செப்டம்பரில் செய்த திருத்தத்தின்படி, ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணி பணத்தைத் திரும்பப் பெறவும் கோரலாம். பலாக்கோங்கிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ பிள்ளைகளோடு விமானப் பயணம் புறப்படும் நம் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பார்கள். அன்று அந்த வாயிலில் பால் வாங்கித் தந்தது அழுத பிள்ளையன்று, படித்த பிள்ளை. கத்தியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படித்து, புரிந்து, பணிவாகவும் உறுதியாகவும் கேட்டவரால் 150 பேரும் பயன்பெற்றனர்.

இதனால்தான் நம் வகுப்பறைகளை எண்ணிப் பார்க்கின்றேன். கருத்துணர்தல் பகுதியில் நாம் தரும் பனுவல்கள் பெரும்பாலும் நீதிக்கதைகளாகவும் தலைவர் வரலாறுகளாகவும் இருக்கின்றன. அவை வேண்டும். அவற்றோடு ஒரு பேருந்துச் சீட்டின் பின்புறத்தையும், ஒரு மின்கட்டண ரசீதையும், ஒரு பயணச்சீட்டின் நிபந்தனைகளையும் சேர்த்தால் என்ன? "இந்தப் பொருளின் உண்மையான மொத்த விலை என்ன?", "தாமதமானால் எனக்கு என்ன உரிமை உண்டு?" என்ற வினாக்களுக்கு மாணவர் விடை தேடட்டும். அலுவல் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். அதில் முகவரி எங்கே, தேதி எங்கே என்பதோடு நின்றுவிடாமல், குறையை வசைச்சொல் இன்றி, சான்றோடு, வேண்டுவது இன்னதென்று தெளிவாகச் சொல்லவும் கற்பிப்போம். தமிழில் அவ்வாறு எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் அதே துணிவு வரும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பயணச்சீட்டு வாங்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டணத்தையும் அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அவளையே கூட்டச் சொல்லுங்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் சோதனைச் சாவடிக்கு வெறும் புட்டியைக் கொண்டுசெல்லத் தடையில்லை. பல நிலையங்களில் உள்ளே குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். இதையும் பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும். விமானத்தில் பணியாளர் தண்ணீர் தந்தால், விலை கொடுத்து வாங்கினாலும் "நன்றி" சொல்லப் பழக்குங்கள். விலைச்சீட்டில் இல்லாதது நன்றி ஒன்றுதான். அதை நாமாவது தாராளமாகக் கொடுக்கலாம்.

படிக்கவும் கேட்கவும் நன்றி சொல்லவும் தெரிந்த தலைமுறையை உருவாக்குவது நம் பணி. சிந்திப்போம், செயல்படுவோம்.