சிங்கப்பூரர்கள் செலவே செய்வதில்லையா?

காலைக் கோப்பி, எம்ஆர்டி கட்டணம், தேக்காவில் வாங்கும் சாமான், மாத மின்கட்டணம். இதெல்லாம் சேர்ந்ததுதான் குடும்பச் செலவு.

அமெரிக்கப் பொருளியலில் அதன் பங்கு மூன்றில் இரண்டுக்கும் சற்று அதிகம். மலேசியாவில் சுமார் 60 விழுக்காடு. சிங்கப்பூரில்? ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

நாம அவ்வளவு சிக்கனமா?

அது மட்டும் காரணமில்லை. குடும்பச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்தால் வருவதே இந்தப் பங்கு. நம் உற்பத்தியோ ரொம்பப் பெரிது. ஏற்றுமதியும் வெளிநாட்டு நிறுவனங்களின் லாபமும் அதில் அடங்கும். அந்த லாபம் அப்படியே நம் சம்பளமாக மாறுவதில்லை.

சேமிப்பும் கட்டாயம். 55 வயதுவரை மத்திய சேமநிதிக்கு ஊழியர் 20 விழுக்காடும் முதலாளி 17 விழுக்காடும் செலுத்துகின்றனர்.

பற்றுச்சீட்டு கொடுத்தால் பொருளியல் வளருமா?

ஓரளவுக்குத்தான். நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. ஜொகூர் பாருவில் பொருள் வாங்கினால் அதுவும் நம் குடும்பச் செலவில் சேரும். ஆனால் இறக்குமதி என்று மறுபடி கழிக்கப்பட்டுவிடும். பற்றுச்சீட்டு விலைவாசிச் சுமையைக் குறைக்கும். உலக வர்த்தகம் சரிந்தால் அந்த இழப்பை ஈடுகட்ட அதனால் முடியாது.

அதனால், "பொருளியல் வளர்ந்தது" என்று அடுத்தமுறை செய்தி வந்தால் இன்னொன்றையும் பாருங்க: குடும்ப வருமானமும் கூடவே வளர்ந்ததா?