ரவுட்டரும் தொலைபேசிக் கட்டணமும்

1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் இண்டர்நெட் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபின், சிறு அலுவலகங்கள் பலவற்றிற்குத் தொலைபேசிக் கம்பியே வாயிலாயிற்று. சாதாரண இணைப்பினும் மேலானதென அந்நாளில் கருதப்பெற்றது ஐ.எஸ்.டி.என். ஆகும். ஒரே ஜோடிச் செம்புக் கம்பியில் வினாடிக்கு 64,000 பிட்டு செல்லும் வழிகள் இரண்டும், அழைப்பை எழுப்பவும் முடிக்கவும் 16,000 பிட்டுச் சைகை வழி ஒன்றும் அதில் அமைந்துள்ளன. அலுவலகத்துக் கணிப்பொறிகளை அக்கம்பியுடன் இணைக்கும் கருவியே ரவுட்டர்.

இக்கருவியை அமைக்கக் கற்பிக்குங்கால், மறுமுனையின் எண்ணை அழைப்பது எப்படி என்பதையே நாம் முதற்பாடமாக வைத்து வந்துள்ளோம். இது தவறு என்பது என் கருத்து. எந்தச் செய்திக்காக அழைப்பு எழவேண்டும், எப்போது அது முடியவேண்டும் என்னும் இரண்டையும் முடிவு செய்த பின்னரே எண்ணைப் பற்றிப் பேசுதல் வேண்டும். பெயரும் மறைச்சொல்லும் இரு முனையிலும் ஒத்திருத்தல் முதலியன கைநூலிற் கண்டவாறு செய்யத்தக்கவை. அவற்றை விரிக்க வேண்டுவதில்லை.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு கிளை அலுவலகம், அந்நகரிலேயே உள்ள தலைமை அலுவலகத்தை அழைப்பதாகவும், மூன்று நிமிடத்திற்கு ஓர் அலகு கட்டணம் எனவும் கொள்வோம். 120 வினாடி போக்குவரத்து இல்லையெனில் இணைப்பைத் துண்டிக்குமாறு ரவுட்டர் அமைக்கப்பட்டுள்ளது. ஆனால், ரிப் என்னும் வழிச்செய்தி முறை 30 வினாடிக்கொருமுறை தன் அட்டவணையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தக் கெடு ஒருபோதும் நிறைவதில்லை. நாளொன்றுக்கு 480 அலகு. இரு வழிகளும் திறந்திருப்பின் 960. அலுவலகம் பூட்டிக் கிடக்கும் ஞாயிறன்றும் இதே கணக்குத்தான். கருவி பழுதின்றி வேலை செய்கிறது. பணம் கட்டுவோர் திகைக்கிறார்கள்.

பரிகாரம் எளிது. வழியைக் கையாலேயே நிலையாக எழுதிவிடலாம். கடிதமும் கோப்பும் அழைப்பை எழுப்பலாம், வழிச்செய்தியும் விண்டோஸ் கணிப்பொறிகளின் பெயர் விசாரணைகளும் எழுப்பலாகாது எனப் பட்டியலிடலாம். விலக்கப்பட்ட செய்தி, இணைப்பு ஏற்கெனவே திறந்திருந்தால் அதன்வழிச் செல்லும். கெடுவை மட்டும் புதுப்பிக்காது.

கெடுவை மிகக் குறைத்துவிடுவதும் சிக்கனமன்று. இது பலருக்கு வியப்பாக இருக்கும். கெடு 20 வினாடியாயின், ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் படித்துவிட்டு அடுத்ததைக் கேட்பவர், மூன்று நிமிடத்தில் மூன்று அழைப்புகளுக்கு மூன்று அலகு செலுத்துவார். கெடு 120 வினாடியாயின் அந்த மூன்று நிமிடத்திற்கு ஓர் அலகே ஆகும். சைகை வழி எப்போதும் விழித்திருப்பதால் அழைப்பு ஓரிரு வினாடியில் எழுந்துவிடுகிறது. இழப்பு நடப்பதே பயனாளருக்குத் தெரிவதில்லை. கட்டண அலகை அறியாமல் கெடுவை நிர்ணயிக்க இயலாது.

ஐ.எஸ்.டி.என். பழங்கதையாகி வருகிறது என்பது மெய்யே. எனினும் முதன்மைக் கம்பி அறுந்தால் உதவ வைக்கப்படும் மொபைல் இணைப்பு, அளவுக்கேற்பக் கட்டணம் பெறுவதாயின், அங்கும் இதே கேள்வி எழுகிறது. ஆசிரியர்கள் செய்முறை வகுப்பில், ரவுட்டரை ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் விட்டு, பதிவேட்டில் எத்தனை அழைப்புகள் விழுந்தன என்று மாணவரை எண்ணச் செய்யலாம். ஒன்றேனும் இருந்தால், அதை எழுப்பிய செய்தி எது என்பதை அவர்களே தேடிக் காணட்டும்.