பத்து மணிக்கு ஒரு நாற்காலி

கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தின் கன்னடப் பிரதி தனியே தபாலில் வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. நான் யாருக்காகப் பேசுகிறேனோ அவர்களில் பலர் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழர்கள். தங்கள் பெயரைச் சொல்லி ஒருத்தி என்ன கேட்டாள் என்று அவர்களும் படிக்க வேண்டும். தப்பாக எழுதியிருந்தால் திட்டவும் வேண்டும்.

முதலில் நன்றி. நகரத்துப் பார்க்குகளைக் காலை பத்து மணிக்குப் பூட்டி மதியம் ஒன்றரைக்கு மறுபடி திறக்கும் வழக்கம் இருந்தது. 2024-ல் அது மாறியது. காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் என்று அறிவித்தார்கள். யாருக்கு இதனால் லாபம் என்று கேட்டால், வேலை முடிந்து வரும் இளைஞர்களுக்கு, மத்தியானம் நிழல் தேடும் டெலிவரி பையன்களுக்கு என்பார்கள். சரிதான். ஆனால் முன்பு பூட்டிக் கிடந்த அந்த நேரத்தில், பத்திலிருந்து பதினொன்று வரை உள்ள ஒரு மணி நேரத்துக்கு வேறொரு உரிமையாளர் கூட்டம் இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

லால்பாகிலும் கப்பன் பார்க்கிலும் விடியற்காலையில் கைவீசி நடக்கிற எழுபது வயதுக்காரர்களைப் பார்த்து, இந்த ஊரில் முதியோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே வருகிறவர்கள் நடக்க முடிந்தவர்கள். முட்டி தேய்ந்தவர்கள், பக்கவாதம் வந்து ஒரு கை மடங்கிப்போனவர்கள், பார்கின்சன் நடுக்கக்காரர்கள், ஒருமுறை பாத்ரூமில் விழுந்து அந்தப் பயத்திலேயே வீட்டுக்குள் முடங்கியவர்கள் அந்த நேரத்தில் படுக்கையில் இருக்கிறார்கள். மூட்டுவாதக்காரருக்கு எழுந்ததும் உடம்பு மரக்கட்டை. டிசம்பர், ஜனவரிப் பனியில் கேட்கவே வேண்டாம். பேரப்பிள்ளை ஸ்கூலுக்கும் மகனும் மருமகளும் ஆபீசுக்கும் கிளம்பி, டிபனும் மாத்திரையும் முடிந்து, வெந்நீரில் குளித்து, சேலை கட்டி நிமிர ஒன்பதரை ஆகிவிடும். அவர்களுக்குப் பொழுது விடிவதே அப்போதுதான்.

நான் ஆஸ்பத்திரி ஒன்றின் பிசியோதெரபி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் தெருக் கோயிலுக்குச் சொந்தமான ஹாலில், முகூர்த்தம் இல்லாத நாட்களில், இப்படிப்பட்டவர்களை வட்டமாக உட்காரவைத்து உடற்பயிற்சி சொல்லித் தருகிறோம். சுவர் ஓரமாக வாக்கர்களும் கைத்தடிகளும். பயிற்சி நாற்காலியில்தான் தொடங்கும். குதிகாலை ஊன்றி விரலைத் தூக்கு, விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கு. தையல் மிஷின் மிதிப்பதுபோல என்றால் எல்லாப் பெண்களுக்கும் உடனே புரிந்துவிடும். முட்டியை நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் எங்கள் டம்பெல். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, வெளியே விட வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். இதைத்தான் நான் அதிகமாகக் கத்துவேன். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர், வலது கையால் இடது கையைப் பிடித்துத் தூக்கி இரண்டையும் சேர்த்து மேலே கொண்டுபோவார். எண்ணுவது ஒரே கூத்து. ஒருவர் தமிழில், ஒருவர் கன்னடத்தில், இன்னொருவர் உருதுவில் எண்ண, ஆறுக்குப் பிறகு யார் எண்ணுவது சரி என்று பஞ்சாயத்து நடக்கும். அதுவும் மூச்சுப் பயிற்சிதான்.

உட்கார்ந்தபடி கை காலை ஆட்டினால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. மூட்டு இளகும், மனசு தெளியும், ரத்தம் ஓடும். ஆனால் கீழே விழாமல் இருக்க, காலில் பலமும் நிற்கையில் நிதானமும் வேண்டும். ஆகவே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பது, பக்கவாட்டில் ஓரடி வைப்பது, கையை ஊன்றாமல் எழுந்து மறுபடி உட்காருவது ஆகியவைதான் உண்மையான மருந்து. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதற்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ண வேண்டும். 80 முதல் 84 வயதுள்ள ஒரு பெண் 9 முறைக்குக் குறைவாக எழுந்தால், அவர் விழும் ஆபத்து அதிகம் என்று பொருள். கையை ஊன்றி எழுந்தால் மதிப்பெண் பூஜ்யம். எங்கள் ஹாலுக்கு முதல்நாள் வருகிறவர்களில் பூஜ்யம் வாங்காதவர் அபூர்வம்.

இந்த வயதில் பலம் ஏறுமா என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள், படித்த பிள்ளைகள் உட்பட. ஏறும். 1990-ல் பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 2019-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி முதியோர் விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது என்றது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் 65 தாண்டியவர்களுக்குச் சொன்னதும் இதுதான்: வாரத்தில் மூன்று நாளாவது பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சி. இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டியை வைத்துப் பார்க்கும் வீட்டுக்கு இந்தச் சதவீதம் எல்லாம் தேவையில்லை. அங்கே பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோ வேலையை விட்டிருப்பாள்.

இதை அரசு எப்படிச் செய்யலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஜப்பானின் ஷிகோகு தீவில் கோச்சி என்றொரு நகரம் (நம் கேரளத்துக் கொச்சி அல்ல). இளைஞர்கள் பெரிய ஊர்களுக்குப் போய்விட, கிழவர்கள் நிறைந்துபோன வட்டாரம் அது. 2002-ல் அந்த நகராட்சி ‘துடிப்போடு நூறு வயது’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு நாற்காலிப் பயிற்சியை உருவாக்கியது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று. அதில் 200 கிராம் கட்டைகளைச் செருகி, வெறும் பட்டையிலிருந்து 2.2 கிலோ வரை அவரவர் சக்திக்கு ஏற்றிக்கொள்ளலாம். பாட்டுக்கு ஏற்ப மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குவார்கள். நகராட்சி தந்தது பட்டையும் வீடியோவும் ஆரம்பப் பயிற்சியும். பிறகு அந்தந்தத் தெருக்காரர்கள் தாங்களே நடத்திக்கொண்டார்கள். அங்கிருந்து அது ஜப்பானின் பல ஊர்களுக்குப் பரவியது. மிஷின் இல்லை, கட்டடம் இல்லை, திறப்பு விழாக் கல்வெட்டும் இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊரில் சங்கடம் என்று நினைக்கிறேன்.

ஜப்பான் வரை போவானேன் என்று உங்கள் அதிகாரிகள் கேட்கலாம். சரி, கோலார் மாவட்டத்து பெல்லூருக்குப் போவோம். அங்கே 1918-ல் பிறந்த பி.கே.எஸ். அய்யங்கார் சிறுவயதில் நோஞ்சான். நோயாளிகளும் முதியவர்களும் யோகா செய்வதற்காக நாற்காலி, கயிறு, மரக்கட்டை, பெஞ்ச் எல்லாவற்றையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர் அவர். அவருடைய குரு கிருஷ்ணமாச்சார்யா சித்ரதுர்கா மாவட்டத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனையில் கற்பித்துவிட்டுப் பிறகு சென்னைக்கு வந்தவர். 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி, படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்குத் தானே அமைத்துக்கொண்டார். (அறுவை சிகிச்சையை மறுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை, படுத்த இடத்திலும் பயிற்சியை விடாததைச் சொல்கிறேன்.) இருவரும் கர்நாடகத்துக்காரர்கள். ஆனால் ஜூன் 21 யோகா தினத்தன்று மைதானம் முழுக்கப் பாய்தான். நாற்காலி முன்வரிசையில், விஐபிகளுக்கு.

இப்போது பார்க்குக்கு வருகிறேன். எங்கள் குழுவை ஹாலிலிருந்து பக்கத்துப் பார்க்குக்கு மாற்றிப் பார்த்தோம். எந்தப் பார்க் என்று சொல்லப் போவதில்லை. எத்தனையோ பார்க்குகளின் கதை அது. மாடும் பைக்கும் நுழையாமலிருக்க வாசலில் வளைந்து வளைந்து போகும் இரும்புக் கம்பி வேலி. மாடும் நுழையவில்லை, வாக்கரும் நுழையவில்லை. சக்கர நாற்காலிக்காரரை வாசலிலேயே விட்டுவிட்டு எப்படிப் போவது? காவலாளி நல்லவர், பெரிய கேட்டைத் திறந்துவிடுகிறேன் என்றார். அதன் சாவி வேறு யாரிடமோ இருந்தது. உள்ளே கிரானைட் பெஞ்ச், யாரோ நினைவாகக் கொடுத்தது. முதுகு இல்லை, கைப்பிடி இல்லை, உயரமும் இல்லை. உட்காரலாம், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். திறந்தவெளி ஜிம்மில் காலை முன்னும் பின்னும் வீசி நடக்கிற மிஷின் இருந்தது. நின்றாலே ஆடுகிறவரை அதில் ஏற்றினால் நேராக ஆஸ்பத்திரிதான். கூழாங்கல் பதித்த பாதையையும் பார்த்தோம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் அதில் நடந்தால் புண் வந்தாலும் தெரியாது. கழிப்பறைக்கு மூன்று படி. சிறுநீர் அடக்க முடியாத வயதில், கழிப்பறை இல்லாத இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள். இதை வெட்கத்தால் வெளியில் சொல்வதில்லை. முட்டி வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஹாலுக்கே திரும்பிவிட்டோம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொது இடங்கள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே சலுகை கேட்கிறேன் என்று கோப்பில் எழுத வேண்டாம்.

கேட்பது இதுதான். 2025 செப்டம்பரில் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு பார்க்கை எடுங்கள். வாரம் மூன்று நாள், பத்திலிருந்து பதினொன்று வரை, நிழல் விழும் ஒரு மூலையோ கூரை போட்ட மண்டபமோ இவர்களுக்கு. இருபது கெட்டியான நாற்காலிகள். கால் வழுக்கும் லேசான பிளாஸ்டிக் நாற்காலி உதவாது, கைப்பிடி உள்ள இரும்பு நாற்காலி வேண்டும். தோட்டக்காரரின் ஸ்டோர் ரூமில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி. வாசலில் வாக்கர் நுழையும் அகலம், கழிப்பறைக்குப் படிக்குப் பதில் சாய்தளம். லால்பாகும் கப்பன் பார்க்கும் தோட்டக்கலைத் துறையின் கையில் இருப்பதால் அவற்றைக் கேட்கவில்லை. வீட்டுப் பக்கத்துச் சின்னப் பார்க்குதான் எங்களுக்கு வேண்டும். இரண்டு தெரு தாண்டினாலே ஆட்டோ. ஆட்டோ என்றாலே மகனிடம் காசு கேட்க வேண்டும். 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம், பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் எங்கள் பெண்களில் பலருக்குத் தடை டிக்கெட் அல்ல, பஸ்ஸின் முதல் படி.

சொல்லித் தர ஆள்? ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் இதே ஊர் ஜெயநகரில் இருக்கிறது. அதோடு இணைந்த பிசியோதெரபி கல்லூரி மாணவர்கள் நாலு வருடப் படிப்புக்குப் பின் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள். அதில் சில வாரங்களைப் பார்க்கில் கழிக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு வராத நோயாளிகள் எப்படி இருப்பார்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்வார்கள். 1998-லிருந்து இந்த ஊரில் முதியோருக்காக வேலை செய்கிற நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் இருக்கிறது. காவல்துறையோடு சேர்ந்து முதியோர் உதவி எண் 1090-ஐ நடத்திய அனுபவம் அவர்களுக்கு உண்டு. அரசின் ‘நம்ம கிளினிக்’ டாக்டர் ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, இதய நோய் உள்ளவர்களையும் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களையும் பிரித்துச் சொன்னால், பாக்கியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

பார்க்கில் யாராவது விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்று உங்கள் சட்டப் பிரிவு கேட்கும். நியாயமான கேள்வி. நாற்காலியின் பின்னால் சுவரும் பக்கத்தில் ஆளும் இருக்கிற இடத்தில் விழும் வாய்ப்பு குறைவு. எங்கள் முதியவர்கள் விழுவது குளியலறையில், இருட்டில், தனியாக இருக்கும்போது. அதற்கு யார் பொறுப்பு என்று எந்தச் சட்டப் பிரிவும் இதுவரை கேட்டதில்லை.

இன்னொன்று. ஆண்களை வரவைப்பது சிரமம். ‘எக்சர்சைஸ்’ என்றால் எனக்கெதற்கு என்பார்கள். காபி உண்டு என்று சொல்லிப் பார்த்தோம், வந்தார்கள். பட்ஜெட்டில் காபிக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கள்.

ஐந்து பார்க்குகளின் பெயரை அறிவியுங்கள். வாசல் கம்பியை வெட்டிவிடுங்கள், பெரிய கேட்டின் சாவியைக் காவலாளியிடமே கொடுங்கள். ஆள் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
அல்சூர்ப் பக்கத்து மூத்த குடிமகள் ஒருத்தி