தராசு இடம் மாறுகிறது

குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டமே கட்டாயமாக்கினால்தான் ஆளுக்கொரு நீதி ஒழியும் என்கிறார்கள். ஒழியாது, இடம்தான் மாறும்.

சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 திருத்தத்துக்குப் பின், 17 வயதுக் காதலியோடு உறவுகொண்ட 19 வயது இளைஞனுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. அவள் கருவுற்றால் 20. வன்கொடுமை செய்தவனுக்கும் இவனுக்கும் ஒரே படிக்கல். நீதிபதியின் கையைக் கட்டியதும், எந்தப் பிரிவில் வழக்கு என்று முதலில் எழுதும் காவல் நிலையத்தின் பேனாவுக்கு வலு கூடுகிறது. கை கட்டப்படாத நீதிபதியோ, தண்டனையைக் குறைத்தால் காரணம் எழுத வேண்டும். அதை மேல்முறையீட்டில் சோதிக்கலாம்.

2025இல், பாதிக்கப்பட்டவரே குற்றவாளியான தன் கணவனுக்காக மன்றாடிய மேற்கு வங்கப் போக்சோ வழக்கில், சிறையைத் தவிர்க்க உச்ச நீதிமன்றம் தனக்கு மட்டுமே சிறப்பு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆவது பிரிவைக் கையிலெடுத்தது. மாவட்ட நீதிபதி எதை எடுப்பார்?