தடுமாறுபவனுக்கு எத்தனை ஆட்டம்?

அமெரிக்க பேஸ்பாலைத் தொடர்ந்து பார்க்கும் நண்பர்களிடையே ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் ஒரு குரல் எழுவதைக் கேட்கிறோம். "இவன் சராசரி இருநூறைக்கூடத் தொடவில்லை, இன்னும் எதற்கு இவனை அவுட்ஃபீல்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? உட்கார வையுங்கள்." அக்குரலில் நீதிபதியின் நிதானம் இருக்கும், கையில் ஓர் எண்ணும் இருக்கும். எண் இருப்பதாலேயே நியாயமும் இருப்பதாக ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது. இக்கட்சியை நாம் மறுக்கிறோம்.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். கிரிக்கெட் சராசரி வேறு, இது வேறு. நூறு முறை மட்டை பிடித்து இருபது முறை அடித்துத் தளத்தை எட்டினால் சராசரி .200, இருபத்தாறு முறை எட்டினால்.260. முன்னவர் ஏச்சுக்கு உரியவர், பின்னவர் மதிப்புக்குரிய ஆட்டக்காரர். நாள்தோறும் ஆடுபவருக்கு நூறு வாய்ப்பு என்பது ஏறத்தாழ ஒரு மாதக் கணக்கு. இனி, உண்மையிலேயே .260 திறன் உடைய ஒருவர் நூறு முறை ஆடுவதாகக் கொள்வோம். திறனில் அணுவளவும் குறையாமலே, வெறும் தற்செயலால் மட்டுமே, ஆறு மாதங்களில் ஒரு மாதம் அவர் 21 அடிகளையோ அதற்கும் குறைவாகவோ பெறுவார். நிகழ்தகவு கற்ற எந்த மாணவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஐந்நூறு வாய்ப்புகள் ஆன பின்னரே தற்செயலின் ஆட்டம் இருபது புள்ளி அளவுக்கு ஒடுங்குகிறது. ஆகவே மே மாதத்து எண்ணைக் காட்டி ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார் என்றால், அவர் எண்ணை நம்புபவர் அல்லர், எண்ணை அறியாதவர்.

நம் எதிர்க்கட்சியார் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஆண்டு 1951. நமக்கும் அதுவே சான்று என்பதுதான் வேடிக்கை. அவ்வாண்டு மே 25 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வில்லி மேஸ் வந்து சேர்ந்தார். மினியாபொலிஸ் மைனர் லீக் அணியில் .477 அடித்துக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர். மேலே வந்ததும் முதல் பன்னிரண்டு வாய்ப்புகளில் ஓர் அடியும் இல்லை. வாரன் ஸ்பான் வீசிய பந்தில் ஒரு ஹோம் ரன். பிறகு மீண்டும் வறட்சி. இருபத்தாறு வாய்ப்பில் ஒரே ஓர் அடி. தம்மைக் கீழே அனுப்பிவிடும்படி கண்ணீரோடு கேட்ட அந்த இளைஞரிடம், தாம் மேலாளராக இருக்கும்வரை சென்டர் ஃபீல்டு அவருடையதே என்று லியோ டுரோச்சர் உறுதி கூறியது பலரும் அறிந்த செய்தி. ஆண்டு முடிவில் மேஸின் கணக்கு .274, இருபது ஹோம் ரன்கள், சிறந்த புதுமுகத்துக்கான விருது.

"அதே ஆண்டு, அதே நகரத்தில் மேன்டிலைக் கீழே அனுப்பினார்களே, அவரும் பெரியவர் ஆனாரே?" என்பார்கள். உண்மைதான். யாங்கீஸ் அணி மிக்கி மேன்டிலை ஜூலையில் கான்சஸ் சிட்டிக்கு அனுப்பியது. அங்கும் முதலில் தடுமாறினார்; அவருடைய தந்தை வந்து, ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று மகனின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிய கதையை மேன்டிலே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் கான்சஸ் சிட்டியில் அவர் என்ன செய்தார்? நாற்பது ஆட்டங்கள் ஆடினார்; .361 அடித்தார், ஆகஸ்டில் திரும்பினார். யாரும் அவரைப் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. ஆட அனுப்பினார்கள். கீழே அனுப்புவதும் உட்கார வைப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மறைத்துக்கொண்டுதான் மறுதரப்பு வாதாடுகிறது. (அவ்வாண்டு உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் மேஸ் அடித்த பந்தைத் துரத்தி ஓடியபோதுதான் வடிகால் மூடியில் கால் சிக்கி மேன்டிலின் முழங்கால் சிதைந்தது. தடுமாறிய இரு இளைஞர்களும் அதற்குள் தத்தம் அணியில் நிலைபெற்றுவிட்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க.)

நாம் கண்டிப்பது மூன்றாவது வழியை. இளைஞனை மேலேயே வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஆடவிட்டு, மற்ற நாள்களில் எண்ணெய் தடவாத மட்டைபோல மூலையில் சாத்தி வைப்பது. மேஜர் லீக் பிட்சர் வீசும் பந்து மட்டைக்கு வந்துசேர அரை நொடியும் ஆவதில்லை. அந்த அரை நொடிக்குள் முடிவெடுக்கும் கண்ணை எந்தக் கூடத்திலும் பயிற்றுவிக்க முடியாது. ஆட்டத்தில் மட்டுமே பயிற்றுவிக்கலாம். நீந்தத் தெரியவில்லை என்று ஒருவனைக் கரையிலேயே உட்கார வைத்துவிட்டு, இன்னும் நீந்தவில்லையே என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

ஆரன் ஜட்ஜ் 2016-இல் 27 ஆட்டங்களில் .179 அடித்தார், 84 வாய்ப்புகளில் 42 ஸ்ட்ரைக் அவுட், சரிபாதி. அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்திருந்தால் 2017-இன் 52 ஹோம் ரன்கள் யாங்கீஸுக்குக் கிடைத்திரா. அப்போதும் அவர் 208 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். குறை தீர்ந்தபின் ஆடவிட்டார்கள் என்பதில்லை, குறையோடே ஆடவிட்டார்கள்.

"வென்றவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள், வாய்ப்புப் பெற்றும் வீணானவர்கள் எத்தனை பேர்?" இது நல்ல கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டோம். சியாட்டிலின் ஜாரெட் கெலனிக் 2021-இல் 93 ஆட்டங்களில் .181 அடித்தார், அடுத்த ஆண்டு 54 ஆட்டங்களில்.141. பிறகு 2023-இல் ஓரளவு தேறியபோது, கோபத்தில் தண்ணீர்க் குடுவையை உதைத்துத் தம் பாதத்தையே முறித்துக்கொண்டார்! பின்னர் அட்லாண்டாவுக்குச் சென்றும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. ஆம், வாய்ப்பு எல்லோரையும் மேஸ் ஆக்காது. ஆனால் வாய்ப்பின் விலை எவ்வளவு என்று எவரேனும் கணக்கிட்டார்களா? .200 அடிப்பவருக்கும் .250 அடிப்பவருக்கும் நூறு வாய்ப்பில் உள்ள வேறுபாடு ஐந்து அடிகள். ஒரு மாதத்துக்கு ஐந்தே அடிகள்! 162 ஆட்டங்கள் உள்ள பருவத்தில் இதற்கா இத்தனை கூக்குரல்?

இதே கெலனிக் விவகாரத்தில் இன்னொன்றும் வெளிப்பட்டது. 2021 பிப்ரவரியில் சியாட்டில் அணியின் தலைவர் கெவின் மேத்தர் ஒரு கூட்டத்தில் பேசிய பேச்சு வெளியே கசிந்தது. இளைஞர்களை மேலே கொண்டுவரும் காலத்தை, அணியின் உரிமை ஆண்டுகளைக் கருதியே தள்ளிவைப்பதாக அப்பேச்சில் ஒப்புக்கொண்டிருந்தார். பதவி விலகவும் நேர்ந்தது. மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓராண்டுப் பணி. ஆறாண்டுப் பணி முடிந்தால் ஆட்டக்காரர் விடுதலை பெற்றுத் தம் விலையைத் தாமே பேசலாம். எனவே யாரை எப்போது ஆடவிடுவது என்பதில் தகுதி மட்டுமே பேசுகிறது என்று நம்புபவர்களின் வெள்ளை உள்ளத்தை என்னென்பது! 2020-இல் மைனர் லீக் பருவமே நடக்காதுபோய், உயர்நிலை அனுபவம் மிகக் குறைவாக வந்த இளைஞர் அவர். தொடர்ந்து 39 வாய்ப்புகளில் அடி இல்லை என்றதும் உலகமே கைகொட்டிச் சிரித்தது.

அப்படியாயின் எல்லோரையும் எல்லா நாளும் ஆடவிட வேண்டுமா? இல்லை. அவுட்ஃபீல்டர் மட்டையால் மட்டும் உண்பவர் அல்லர். சென்டர் ஃபீல்டில் நிற்பவர் ஓடிப் பிடிக்கும் ஒவ்வொரு பந்தும் எதிரணியின் ஓர் அடியை அழிக்கிறது. பாஸ்டனின் ஜாக்கி பிராட்லி ஜூனியர் 2014-இல் 127 ஆட்டங்களில் .198 மட்டுமே அடித்தார். அவரைக் கைவிடாததன் பயன், 2018-இல் தங்கக் கையுறை விருது. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அத்தொடரில் அவர் அடித்தது மூன்றே அடிகள். வந்தவை ஒன்பது ரன்கள். சராசரியை வழிபடுவோர் இதற்கு என்ன சொல்வார்களோ! இடப்புற மூலையில் நின்று பந்தையும் தவறவிட்டு மட்டையும் வீசத் தெரியாதவருக்காக நாம் வழக்காட வரவில்லை.

வயதும் ஒரு வரம்பு. அதே பிராட்லி 2021-இல், முப்பத்தோராம் வயதில், மில்வாக்கி அணிக்கு 134 ஆட்டங்கள் ஆடி .163 அடித்தார். இங்கே கற்றுக்கொள்ள இனி ஏதுமில்லை. இரண்டாண்டுக்கு 24 மில்லியன் டாலர் ஒப்பந்தம் இருந்தது, அவ்வளவே. கொடுத்த பணத்துக்காக ஆடவிடுவது வாய்ப்பு ஆகாது, கடன் வசூல்.

காயமும் தனி. 2019-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுபெற்ற கோடி பெலிஞ்சர், 2020 அக்டோபரில் ஹோம் ரன் கொண்டாட்டத்தில் தோளை இழந்தார், அடுத்த ஆண்டு.165. டாட்ஜர்ஸ் 2022 முடிவில் அவரை விடுவித்தது. சிகாகோ கப்ஸ் 2023-இல் எடுத்துக்கொண்டது; .307, 26 ஹோம் ரன்கள். அவருக்குத் தேவைப்பட்டது பெஞ்சும் அன்று, ஏச்சும் அன்று. ஆறிய தோளும், தொடர்ந்து ஆடக் களமும்.

இளைஞனுக்கு ஐந்நூறு வாய்ப்பு, மேலேயோ கீழேயோ, நாள்தோறும். நல்ல கையுறை உடையவனுக்கு இன்னும் இருநூறு. முப்பதைக் கடந்தவனுக்கு அரைப் பருவம். இவ்வளவுதான் நாம் கேட்பது. மே மாதத்திலேயே தீர்ப்பெழுதும் நண்பர்கள் தங்கள் கணக்கையும் இதுபோல் எண்ணாலேயே முன்வைக்கட்டும், படித்துப் பார்க்கிறோம்.